பந்தை மாற்றுவதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள்

கல்லடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளில் சிலர் வெள்ளிக்கிழமைகளில் பௌலிங் விளையாடப் பழகிவிடுகிறார்கள். கிரிக்கெட் பந்துவீச்சு அல்ல; கனமான பந்தைத் தடத்தில் உருட்டி, மறுமுனையில் நிற்கும் ‘பின்’ எனப்படும் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மின்னுகிற பந்து ஒன்றை வாங்குகிறார்கள். அது சரியாக வளையவில்லை என்று அடுத்த மாதம் இன்னொன்று. தோஹாவில் ஒரு பௌலிங் கூடத்தில் தடங்களுக்கு எண்ணெய் பூசும் இயந்திரத்தோடு பல வருடம் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதலில் எண்ணெயைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பந்தைப் பிறகு வாங்கலாம்.

பந்தை விடும் இடத்து எல்லைக்கோட்டிலிருந்து முதல் பின் வரை தடத்தின் நீளம் 60 அடி. அதில் முதல் 40 அடி அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும். மிச்சம் உலர்ந்த தரை. ஒரு தடத்துக்குச் செலவாகும் எண்ணெய் 20 முதல் 30 மில்லிலீற்றர், அதாவது நான்கு முதல் ஆறு தேக்கரண்டி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் ஆட்டத்தை நடத்துகிறது. எண்ணெயின் மேல் பந்து வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் விரலால் கொடுத்த சுழற்சி அங்கே வேலை செய்யாது. உலர்ந்த இடத்தைத் தொட்டதும் தரையைப் பிடித்து வளையும். மாரி மழையில் ஈரம் ஏறிய கரம் பலகையில் காய் இழுபடுவதையும், பவுடர் தூவியதும் பறப்பதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எண்ணெய் அகலவாக்கில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். தடத்தின் குறுக்கே 39 பலகைகள். வலக்கைக்காரர் வலப்பக்கமிருந்து எண்ணுவார். இடக்கைக்காரர் நான் சொல்வதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். வழக்கமாகக் கூடங்களில் பூசும் முறையில் நடுவில் எண்ணெய் கனமாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். பந்து கை தவறி வலப்பக்கம் போனால் உலர்ந்த ஓரம் அதை உள்ளே திருப்பிவிடும்; இடப்பக்கம் போனால் கனத்த எண்ணெய் அதை வளையவிடாமல் தாங்கும். வாடிக்கையாளர் சந்தோசமாக வீட்டுக்குப் போவதற்காகவே அப்படிப் பூசுகிறோம். பெரிய போட்டிகளில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அங்கே இந்தச் சலுகை கிடைக்காது. கூடத்தில் 200 புள்ளி எடுத்தவன் போட்டியில் 150க்குத் திணறுவது அதனால்தான்.

இப்போது படிக்கும் முறை. பயிற்சிப் பந்துகளில் பின்கள் விழுகின்றனவா என்று பார்க்காதீர்கள். பந்து எந்த அடியில் திரும்புகிறது, எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்று பாருங்கள். தடத்தில் பொறித்திருக்கும் அம்புக்குறிகளில் ஓரத்திலிருந்து இரண்டாவதற்கு மேலாக, அதாவது பத்தாவது பலகை வழியாக, ஒரே வேகத்தில் இரண்டு தடவை விடுங்கள். பிறகு அதற்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. நான்கு பந்துகளில் தடம் தன் கதையைச் சொல்லிவிடும். திரும்பி வரும் பந்தையும் துடைப்பதற்கு முன் பாருங்கள். அதில் வளையம் வளையமாக எண்ணெய் பதிந்திருக்கும். வளையம் தடிப்பாக இருந்தால் தடத்தில் எண்ணெய் அதிகம்.

எண்ணெயின் நீளம் தெரிந்தால் ஒரு கணக்கு உதவும். நீளத்திலிருந்து 31ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் 9. பந்து எண்ணெயை விட்டு வெளியேறும்போது ஒன்பதாவது பலகைக்கு அருகில் இருக்க வேண்டும். 35 அடி என்றால் நான்காவது பலகை, கிட்டத்தட்ட ஓரத்துக் கானோடு ஒட்டித்தான். நல்ல தொடக்கம், அவ்வளவே. வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

என் மருமகன் ஓர் இரவு அழைத்து, “மாமா, முதல் ஆட்டத்தில் அருமையாகப் போன பந்து மூன்றாவது ஆட்டத்தில் இடப்பக்கம் பாய்கிறது, பந்து பழுதாகிவிட்டதா?” என்று கேட்டான். “பந்துக்கு ஒன்றுமில்லை மருமகன், அது ஓடுகிற பாதையில் எண்ணெய் காய்ந்துவிட்டது” என்றேன். எல்லோரும் ஒரே பாதையில் விடும்போது பந்துகள் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு பந்து சீக்கிரமே வளைந்து முதல் பின்னை நேராக மோதும். நான்காவது பின் நிற்கும், அல்லது பின்கள் பிளந்து நிற்கும். மருந்து எளிது: காலை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள், குறியை ஒரு பலகை இடப்பக்கம் மாற்றுங்கள். பந்து வளையாமல் வலப்பக்கமே நின்றுவிட்டால் அதே கணக்கில் வலப்பக்கம் நகருங்கள். பந்து எந்தப் பக்கம் பிழைக்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் கால் போக வேண்டும். பலர் காலை நகர்த்தாமல் கையைத் திருகுகிறார்கள். மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

இதற்குப் பிறகும் சரிவராவிட்டால் பந்தைப் பற்றிப் பேசலாம். பொலியெஸ்டர் பந்து எண்ணெயை உறிஞ்சாது, அதிகம் வளையாது; தனியாக நிற்கும் பின்னை எடுக்க அதைவிட நம்பகமானது இல்லை. யூரிதேன் சீக்கிரம் பிடித்து மெதுவாக வளையும். எண்ணெய் நீளம் குறைவான தடத்தில் கைகொடுக்கும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளின் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயில் வழுக்கி, உலர்ந்த இடத்தில் பலமாகத் திரும்பும். ஆனால் ஒரே பந்தின் குணத்தை மேற்பரப்பே மாற்றிவிடும். 500 அல்லது 1000 இலக்க அரத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் கனத்த எண்ணெயிலும் பிடிக்கும். மெருகேற்றினால் காய்ந்த தடத்தில் நீண்ட தூரம் வழுக்கிப் போகும். புதுப் பந்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தாள் சும்மா கிடைத்தது போல. போட்டி நடக்கும்போது மட்டும் தேய்க்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் உலர்ந்த துணியால் பந்தைத் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும், பந்தின் சூடு ஆறுவதற்குள், ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைத்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. வளைகுடா வெயிலில் பந்தைக் காரின் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் வெடிப்பு விழும். அறையில் கட்டிலுக்கடியில் வைத்தால் போதும்.