வாசல் கோலத்தைப் படமும் வீடியோவும் எடுப்பது எப்படி?

வாசலில் அம்சமாக இருக்கிற கோலம், படத்தில் மட்டும் சோபையில்லாமல் போகும். தரை சாம்பலாகவும், மாவு ஒரே வெளுப்பாகவும் வரும். கேமராவில் கோளாறு இல்லை. தண்ணீர் தெளித்த கருந்தரையைப் பார்த்து, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

1. வெளிச்சத்தைக் குறையுங்கள்
பிளஸ், மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் பொத்தானை மைனஸ் 0.7 அல்லது 1-இல் வையுங்கள். தரை கருப்புக்குத் திரும்பும், மாவின் நறநறப்பும் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் ஒவ்வோர் இழைக்கும் மெல்லிய நிழல் விழும், அதுதான் அழகு. மார்கழி இருட்டில் எடுப்பதானால் விளக்கைத் தரையில், கோலத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

2. மேலே ஏறுங்கள்
நின்ற இடத்திலிருந்து சாய்த்து எடுத்தால் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளிக் கோலம் நசுங்கிப் போகும். தூரத்துப் புள்ளிகள் நெருங்கிவிடும். ஸ்டூலோ பால்கனியோ பாருங்கள். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, லென்ஸ் நேர் கீழே பார்க்கும்படி பிடியுங்கள். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, நடு வரிசைப் புள்ளிகளை ஒரு கோட்டோடு பொருத்துங்கள். ஜூம் செய்யாமல் முழு அகலத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையக்கூடும். கொஞ்சம் உயரம் போய், கொஞ்சம் ஜூம் செய்வது மேல். அப்புறம், உங்கள் நிழல் விழாத பக்கமாக நில்லுங்கள்.

3. வீடியோ
டிரைபாட் கட்டாயம். போடுபவர் வலதுகைக்காரர் என்றால் அவருக்கு இடப்பக்கம் வையுங்கள், கை மறைக்காது. ஒரு புள்ளியில் ஃபோகஸ் செய்து, அது தானாக மாறாதபடி மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கை உள்ளே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அலைபாயும்.

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி போதும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்திலும் பட்டை பட்டையாக ஓடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இறங்குவதை மட்டும் நெருங்கி எடுங்கள். 1/50-இல் அது நூலாகத் தெரியும். வெயிலில் 1/500 வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். எனக்கு நூல்தான் பிடிக்கும்.

முழுக் கோலமும் வேகமாக ஓட வேண்டுமா? 5 நொடிக்கு ஒரு படம். 20 நிமிடக் கோலம் 240 படமாகி, நொடிக்கு 25 வீதம் ஓடினால் 10 நொடிக்குள் முடிந்துவிடும்.

ஸ்டூலிலிருந்து இறங்கும் முன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். என் பொங்கல் கோலத்தின் மேல் பால்காரர் சைக்கிள் ஏறிப் போன பிறகுதான், படத்தில் ஃபோகஸ் தவறியதைக் கவனித்தேன்.