எண்ணைப் பார்த்தாய், குழாயைப் பார்த்தாயா?

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தான். "அக்கா, சிறுநீரக மாற்று நோயாளி. சிஎம்வி 900லிருந்து 4,200க்கு ஏறிடுச்சு. வார்டுக்குப் போன் போடவா?" சிஎம்வி என்பது சைட்டோமெகலோ வைரஸ், மாற்று உறுப்பு பெற்றவர்களைப் படுத்தும் கிருமி. அவன் சொன்னது ரத்தத்தில் அதன் அளவு.

"எந்தக் குழாய்?" என்றேன். முழித்தான். இருபது வருடத்துக்கு முன் நான் முழித்த அதே முழி. அதனால்தான் மாற்று நோயாளிகளின் பரிசோதனைகளில் புதியவர்கள் செய்யும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன்.

பெயர் மாற்றி ஒட்டுவது, மாதிரியைக் குளிர்பெட்டிக்கு வெளியே மறப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவற்றுக்கு மேற்பார்வையாளரிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் போதும்.

இரண்டு வெவ்வேறு எண்களை ஒரே கோட்டில் வைப்பது

என் கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், மாற்று சிறுநீரகம் பெற்று மூன்று மாதம். தானம் தந்தவருக்கு முன்பே சிஎம்வி இருந்தது, இவருக்கு இல்லை. ஆபத்து மிக அதிகமுள்ள சேர்க்கை அது. வெளியே ஓர் ஆய்வகத்தில் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களைப் பிரித்தெடுத்த ரத்த நீரில், பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலோடு நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அப்போது முழு ரத்தத்தில் பார்த்தோம். பழைய எண்ணைவிட நான்கு மடங்குக்கு மேல் வந்தது. நானே போனில் "நல்லா ஏறியிருக்கு டாக்டர்" என்றேன். அந்த "நல்லா"வை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சிஎம்வி மாத்திரையை நிறுத்தி, கான்சைக்ளோவிர் என்ற சிஎம்வி மருந்தை முழு அளவில் நரம்பு வழியே ஏற்றினார்கள். மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று யுஎல்97 மரபணுப் பரிசோதனைக்கும் எழுதினார்கள். பத்து நாளில் வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த மருந்து எலும்பு மஜ்ஜையை அமுக்கும். ஐயா அந்தத் தீபாவளியைத் தனியறையில் கழித்தார். பேத்தி கண்ணாடிக்கு வெளியே நின்று புதுச்சட்டையைக் காட்டிவிட்டுப் போனாள்.

ஒரே நாளில் எடுத்த ரத்தத்தை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு மூத்தவர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பிளாஸ்மாவில் 1,100, முழு ரத்தத்தில் 5,000. எதுவுமே ஏறியிருக்கவில்லை. காய்ச்சல் சிறுநீர்த் தொற்றால் வந்தது.

காரணம் எளிது. சிஎம்வி வெள்ளணுக்களுக்குள் குடியிருக்கும் வைரஸ். முழு ரத்தத்தில் அந்த அணுக்களும் சேர்ந்து வருவதால் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பிளாஸ்மாவில் மிதப்பதோ பெரும்பாலும் துண்டு துண்டான டிஎன்ஏ. டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் பரிசோதனை சின்னத் துண்டைத் தேடுகிறதா, நீளமான துண்டைத் தேடுகிறதா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். 2010ல் உலகச் சுகாதார நிறுவனம் சர்வதேச அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரே மாதிரிக்கு இரண்டு ஆய்வகங்களில் பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம் வந்ததுண்டு. இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. வெளிநாட்டில் மாற்று அறுவை செய்துகொண்டு திரும்புகிறவர்கள் 'காப்பீஸ்' (வைரஸ் டிஎன்ஏவின் பிரதிகள்) கணக்கில் எழுதிய தாளோடு வருவார்கள். அதை நம் சர்வதேச அலகோடு அப்படியே ஒப்பிடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். எரிச்சலாக வருகிறது.

ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி, ஒரே கருவி. அப்படி இருந்தும்கூட மூன்று மடங்குக்கு உட்பட்ட மாற்றத்தை மாற்றமாகவே எடுக்காதீர்கள். 800 அடுத்த வாரம் 2,000 ஆனால் பதற வேண்டாம், அது பிசிஆரின் தள்ளாட்டமாகவே இருக்கலாம். கருவி அளக்கக்கூடிய கீழ் எல்லைக்கு அருகே தள்ளாட்டம் இன்னும் அதிகம். சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் எண் ஏறினாலும் மருந்து தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. சரியான அளவில் மருந்து போய் இரண்டு வாரம் ஆகும்வரை மருந்தெதிர்ப்பு என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

தம்பியின் நோயாளிக்கும் இதே கதைதான். பழைய எண் பிளாஸ்மா, புதியது முழு ரத்தம். போனை அவனே போட்டான், ஆனால் "ஏறிடுச்சு" என்று சொல்லவில்லை. பிளாஸ்மாவும் அனுப்பச் சொல்லிக் கேட்டான்.

ரத்தத்தில் இல்லை, ஆகவே இல்லை

குடலில் சிஎம்வி புண் இருக்கும்போதே ரத்தப் பிசிஆர் சுத்தமாக வரலாம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லையா, திசு எடுக்கச் சொல்லுங்கள்.

மாற்றுக்குப் பிறகு ஐஜிஎம்

அனுப்பாதீர்கள். எதிர்ப்பாற்றலை மருந்தால் அமுக்கிய உடலிடம் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைக் கேட்பது எப்படி? ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளும் கூடவே வந்து ஏமாற்றும். ஐஜிஜி அறுவைக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை.

ஹெபாரின் குழாயில் பிசிஆர்

பச்சை மூடி. வேண்டாம். ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெபாரினே பிசிஆரைத் தடுக்கும்.

பீட்டா டி குளுக்கன் பாசிட்டிவ் என்றதும் பூஞ்சை மருந்து

பூஞ்சையின் சுவரில் இருக்கும் சர்க்கரைப் பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனை இது. முதலில் மருந்துத் தாளைப் புரட்டுங்கள். இம்யூனோகுளோபுலின், அல்புமின் ஏற்றினார்களா? செல்லுலோஸ் வடிகட்டியில் டயாலிசிஸ் நடந்ததா? அறுவையில் பஞ்சுத்துணி நிறைய வைத்தார்களா? எல்லாமே பொய்யாக ஏற்றும். நெகட்டிவ் வந்தால் நிம்மதியும் வேண்டாம், மியூக்கர் வகைப் பூஞ்சை இந்தப் பரிசோதனையில் சிக்காது.

நம் மண்ணை மறப்பது

பாடப்புத்தகம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. இங்கே மழைக்குப் பிறகு காய்ச்சலோடு வரும் மாற்று நோயாளியிடம் மெலியாய்டோசிஸ் இருக்கலாம், மண்ணில் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாவால் வரும் நோய் அது. ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அசையாது, கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்கும். இப்படி ஒரு கிராம் நெகட்டிவ் தண்டு வடிவ பாக்டீரியா கிடைத்தால், கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி 'பர்க்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ்' என்று பெயர் சொன்னாலும் நம்பாதீர்கள். அதன் தரவுத்தளத்தில் சூடோமல்லை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான் சொல்லும். தட்டை மூடி, பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

முகர்ந்து பார்க்காதீர்கள். மண்வாசனை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் முகர்ந்தேன். நோய் வராமல் தடுக்க மூன்று வாரம் கோ-டிரைமோக்சசோல் விழுங்க வைத்தார்கள்.