ஆடியது இம்பிளான்ட் இல்லை, உள்ளே இருந்த திருகு

இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்த கீழ்க் கடைவாய்ப்பல் மெல்லும்போது லேசாக ஆடியது. காலையில் அந்தப் பக்கம் கெட்ட வாடை வேறு. ஈறு கெட்டுவிட்டது என்று நினைத்து 10 நாள் உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன், மவுத்வாஷ் மாற்றினேன். கேட்கவில்லை.

வலியோ வீக்கமோ துளியும் இல்லை. நாக்கால் தள்ளினால் மேலே பல் வடிவில் இருக்கும் கேப் மட்டும் சற்றே திரும்பியது. இதைச் சொன்னதும் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் பதிந்த டைட்டானியம் உறுதியாகவே இருந்தது. கேப்பைத் தாங்கும் சின்னத் திருகுதான் தளர்ந்திருந்தது. அந்த இடுக்கில் எச்சில் தேங்கித்தான் வாடை.

கேப்பின் மேலிருந்த அடைப்பைச் சுரண்டினார். அடியில் வெள்ளை டெஃப்லான் டேப், அதற்கும் கீழே திருகு. புதுத் திருகு போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு முறுக்கினார். 10 நிமிடம் கழித்து அதே அளவுக்கு இன்னொரு முறை. முதல் முறுக்கு கொஞ்சம் இளகுமாம். அப்பாடா, அன்று இரவே முறுக்கு கடித்தேன்.