மேப்பை வைத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் படிப்பது எப்படி?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட சம்பவம்தான். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத் தலைநகர் அது. ஊரின் நில அமைப்பு பிடிபட்டால் அந்த இரவும் இன்னும் நன்றாகப் புரியும். போனில் மேப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: மேடு பள்ளம்

ஊர்ப் பெயரைத் தேடி, மேடு பள்ளம் தெரிகிற தோற்றத்துக்கு மாற்றுங்கள். டர்பன் கடற்கரையிலிருந்து சுமார் 80 கி.மீ. உள்ளே, 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் ஊர் இருக்கிறது. ஆனாலும் சுற்றியுள்ள மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போலத்தான் கிடக்கிறது. குளிர்கால இரவில் சரிவுகளிலிருந்து குளிர்காற்று இறங்கி இங்கேயே தேங்கிவிடும். புகையும் மேலே போக வழியில்லாமல் தங்கும். அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். இதை மனதில் வையுங்கள்.

படி 2: தெருக்கள்

ஊர் நடுவே பெரிதாக்கிப் பாருங்கள். நேர்நேராகக் கட்டம் போட்ட தெருக்கள். 1838-ல் இங்கிருந்த ஜூலு இன மக்களைப் போரில் வென்ற போயர்கள், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக்கார விவசாயிகள், அமைத்த ஊர் இது. பீட் ரெட்டீஃப், கெரிட் மாரிட்ஸ் என்ற தங்கள் தலைவர்களின் பெயரை வைத்தார்கள். 1843-ல் பிரிட்டிஷார் நட்டாலைப் பிடித்து, மேற்கே குன்றின்மேல் நேப்பியர் கோட்டையைக் கட்டினார்கள்.

இப்போது தெருப் பெயர்களைப் படியுங்கள். பழைய லாங்மார்க்கெட் தெரு இன்று லங்காலிபலேலே தெரு. ஆங்கிலேயர் 1874-ல் இதே ஊரில் விசாரித்து ராபன் தீவுக்கு அனுப்பிய ஹ்லூபி இனத் தலைவர் லங்காலிபலேலே. பெர்க் தெருவுக்கு இப்போது ஹூசென் ஹாஃபெஜீ பெயர். 1977-ல் போலீஸ் காவலில் உயிரிழந்த பல் மருத்துவர்.

படி 3: ரயில் நிலையம்

சர்ச் தெருவின் மேற்குக் கோடிக்குப் போங்கள். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், ஒரு வெள்ளைக்காரப் பயணியின் ஆட்சேபத்தால் காந்தியை இறக்கிவிட்டது இங்கேதான். ஓவர்கோட் பெட்டியில் இருந்தது, பெட்டியோ ரயில்வேக்காரர்களிடம். கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலேயே, விளக்கில்லாத அறையில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். முதல் படியில் பார்த்த குளிர் இதுதான். சர்ச் தெருவிலேயே அவர் சிலையும் இருக்கிறது; 1993-ல் திறந்தவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு.

படி 4: நம்மவர்கள்

1860-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பலோடு ஒப்பந்தத் தொழிலாளர்கள் நட்டாலுக்கு வரத் தொடங்கினார்கள். இந்த ஊரில் அவர்கள் வழிவந்தவர்களின் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும். ஈஸ்டர் விடுமுறையில்தான் எல்லோரும் கூட முடியும்.

படி 5: தூரம்

சிட்டி ஹாலிலிருந்து வடக்கே நார்த்டேலுக்கும் தென்மேற்கே எடென்டேலுக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். நிறவெறிச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி நார்த்டேல். எடென்டேல் 1851-லேயே கறுப்பின கிறிஸ்தவர்கள் சொந்தமாக நிலம் வாங்கிக் குடியேறிய இடம். இரண்டும் புறநகர்தான், ஆனால் வந்த வழி வேறு வேறு.