பாலி விமான நிலையத்தில் ஒரு வரிசையைத் தவிர்க்க

பாலிக்குக் கிளம்பும் முன்பே இ-விஓஏ (e-VOA) விசாவை, அதாவது போய் இறங்கியதும் வாங்கும் விசாவின் ஆன்லைன் வடிவத்தை, எடுத்து, பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பாலியின் விமான நிலையமான டென்பசாரில் நாலைந்து விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கும்போது விசா கவுன்ட்டரிலும் கூட்டம், குடிவரவிலும் கூட்டம். கையில் விசா இருந்தால் முதல் வரிசையே கிடையாது, நேராகக் குடிவரவுக்குப் போய்விடலாம். விசா கட்டணம் 5,00,000 ரூபியா எங்கே எடுத்தாலும் கட்ட வேண்டியதுதான். இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்திலேயே கட்டுங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்கள் அதே விசாவுக்குக் கூடுதலாகக் கறந்துவிடும். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல், நிதானமாக டைப் செய்யுங்கள்.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கு இது தேவையில்லை. ரொம்ப முன்னாடியும் எடுக்காதீர்கள்: வாங்கிய 90 நாளுக்குள் நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும்.