சபை வளராமல் போக நாமே செய்யும் தவறுகள்

ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. பரிசுத்த ஆவி சீஷர்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாக வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளே கணக்குச் சொல்கிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே, அவர்கள் உபதேசத்திலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்பதிலும் ஜெபத்திலும் உறுதியாய் நிலைத்திருந்தார்கள் என்று வருகிறது. நம்முடைய ஆண்டறிக்கைகளில் முதல் வசனத்துக்கு இடம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. பக்கத்துச் சபையில் சண்டை போட்டுக்கொண்டு வந்த நான்கு குடும்பங்களையும் ‘வளர்ச்சி’ என்று சேர்த்துக்கொள்கிறோம். வந்த காரணத்தை விசாரிப்பதில்லை. பழைய ஆயரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்வதும் இல்லை. சண்டையும் அவர்களோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஆயர் ஒருவர் தலையில் கட்டுவது. மோசே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு எனத் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னதும் அவர்தான். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்காத ஆயர் இல்லை, பின்பற்றுகிறவர்கள்தான் குறைவு. பழியை ஆயர்மேல் மட்டும் போடவும் முடியாது. நோயாளியைப் பார்க்க ஒரு மூப்பர் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்திருப்பார். வீட்டார் மறுநாள், “சபையிலிருந்து யாரும் வரவில்லை” என்பார்கள். ஆயர் ஐயா வரவில்லை என்பதுதான் அதன் பொருள். சபையார் இந்தப் பழக்கத்தை விடாதவரை எந்த ஆயராலும் பொறுப்பைப் பகிர முடியாது. பரிசுத்தவான்களை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்தவே மேய்ப்பர்களும் போதகர்களும் கொடுக்கப்பட்டார்கள் என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. ஊழியம் முழுவதையும் அவர்களே செய்து முடிக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது, முறுமுறுப்பை அடக்கிவிடுவது என்று நினைக்கிறேன். எருசலேம் சபை பெருகிய நாட்களிலேயே, கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற புகார் எழுந்தது. இதில் இன்றைய சபைக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. புகார் சொன்னவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று அப்போஸ்தலர் சொல்லவில்லை. ஆட்களைத் தாங்களே பொறுக்காமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே விட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, குறைபட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான், சீஷருடைய தொகை மிகவும் பெருகியது என்று லூக்கா எழுதுகிறார். நம்மிடம் புகார் வந்தால், “ஜெபியுங்கள்” என்கிறோம், அல்லது குற்றம் சாட்டப்பட்டவர்களையே விசாரணைக் குழுவில் போடுகிறோம். ஜெபிக்கத்தான் வேண்டும். பந்தி சரியாக நடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

வீட்டுக் கூட்டங்கள் தொடங்கிய பல சபைகள் அங்கேயும் இன்னொரு பிரசங்கத்தை வைத்துவிடுகின்றன. ஒருவர் பேசுகிறார், பத்துப் பேர் கேட்கிறார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறார்கள். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஏழைகளால் முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் மிக ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் நானே போடுகிறேன் என்றார் இன்னொருவர். காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தையும் கண்டார்கள். அதைப் பார்த்த வெஸ்லி, மெதடிஸ்டு வகுப்புக் கூட்டங்கள் எனப்பட்ட சிறு குழுக்களை அந்த அடித்தளத்தில் அமைத்தார். குழுவின் உயிர், இந்த வாரம் யார் வரவில்லை, ஏன் என்று ஒருவருக்காவது தெரிந்திருப்பதில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களிடம் இரண்டு எல்லைக்கும் போகிறோம். முதல் நாளே எழுந்து நிற்கவைத்து மைக்கில் பெயர் சொல்லச் சொல்கிறோம், ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியே விட்டுவிட்டு நம் ஆட்களோடு பேசப் போய்விடுகிறோம். வந்தவர் வசதியானவர் என்று தெரிந்தால் முன்வரிசை, ஆறு மாதத்தில் கமிட்டிப் பதவி. பொன் மோதிரக்காரருக்கு நல்ல இடம் கொடுப்பதை யாக்கோபு கண்டிக்கிறார். புதிய சீஷனைக் கண்காணியாக்க, அதாவது சபைப் பொறுப்பாளராக்க, வேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது.

காணிக்கைப் பணம் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஏழைகளுக்கான தர்மப் பணத்தைத் தன்மேல் யாரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிந்துகொண்டவரையும் உடன் வைத்துக்கொண்டே பவுல் கொண்டுபோகிறார். அப்போஸ்தலருக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டது என்றால், ஒருவர் மட்டும் எண்ணி, ஒருவர் மட்டும் எழுதும் கணக்கு நமக்கு ஆகாது.

இளைஞர்களைச் ‘சபையின் எதிர்காலம்’ என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, நாற்காலி போடவும் தோரணம் கட்டவும் மட்டும் கூப்பிடுகிறோம். முடிவெடுக்கும் அறையில் அவர்கள் இல்லை. பிறகு பெரிய சபைகளின் இசைக்கு மயங்கிப் போய்விட்டார்கள் என்று குறைசொல்கிறோம். சிலர் அப்படிப் போவதுண்டு. ஆனால் தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும் இடத்தை எளிதில் விட்டுப் போகிறவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பணியை, அதற்குரிய பணத்தோடு அவர்களிடம் விடுங்கள். எப்படிச் செய்யவேண்டும் என்று நடுவில் புகுந்து திருத்தாமல், ஆண்டு முடிவில் கணக்கையும் அறிக்கையையும் அவர்களையே சபைக்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்.