ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒரே தொடுதிரை போன்: வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்த பிறகு, பொத்தான் போன்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப்போன மாதிரி ஆகிவிட்டது. இங்கே சொல்வதெல்லாம் 2009 கடைசி நிலவரம். பிளாக்பெர்ரி, நோக்கியா, பாம், சாம்சங், எச்டிசி, மோட்டோரோலா என்று எல்லோரிடமும் தொடுதிரை ஸ்மார்ட்போன் இருக்கிறது. வாங்குகிறவர்களில் பலர் ஆபீஸ் மெயில், சொந்த உபயோகம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் கடையில் நின்று பார்க்கும் பத்து நிமிடத்தில் கண்ணில் படுவது படமும் பாட்டும் விளையாட்டும். வாங்கிய பிறகு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது மெயிலோடும் பேட்டரியோடும்.

பெரிய தவறு, ஆபீஸ் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவது. உங்கள் நிறுவன மெயில் எந்த சர்வரில் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆபீஸ் மெயிலையும் காலண்டரையும் கவனிக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்றால், அதே மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மொபைல் போன்கள் இயல்பாகவே இணையும். 2008 ஜூலையில் வந்த 2.0 மென்பொருளிலிருந்து ஐபோனும் இணையும். நோக்கியாவுக்கு ‘மெயில் ஃபார் எக்ஸ்சேஞ்ச்’ என்ற மென்பொருள் இருக்கிறது. பாம் ப்ரீயும் சரி. ஆண்ட்ராய்டில் மட்டும் கவனம் தேவை. கூகுள் மெயில், கூகுள் காலண்டர் என்று வாழ்கிறவர்களுக்கு அதைவிடச் சுகமான போன் இல்லை. ஆனால் எக்ஸ்சேஞ்ச் வசதி ஆண்ட்ராய்டுக்குள்ளேயே வந்தது 2009 அக்டோபரில், 2.0 பதிப்பில்தான். மோட்டோரோலா டிராய்டில் அது உண்டு. எச்டிசி ஹீரோவில் தயாரிப்பாளரே தனியாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் முதல் போனான ஜி1 வாங்குகிறவர்கள் இதை எதிர்பார்க்கக் கூடாது.

பிளாக்பெர்ரி தனிக் கதை. ஆபீஸில் பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர் இருந்தால் மெயில், காலண்டர், தொடர்புகள் எல்லாம் நொடியில் வந்து சேரும். பாதுகாப்பிலும் அதை மிஞ்ச ஆளில்லை. அந்த சர்வர் இல்லாத இடத்தில் மெயில் வரும், ஆனால் ஆபீஸ் காலண்டர் அதே மாதிரி தானாக இணையாது. பிளாக்பெர்ரி என்ற பேருக்காகவே வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இணைகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடவும் கூடாது. 2009 செப்டம்பரில் ஐபோனுக்கு 3.1 மென்பொருள் வந்தது. அதுவரை ஒழுங்காக ஆபீஸ் மெயில் வந்துகொண்டிருந்த பல ஐபோன் 3ஜி-களில், அப்டேட் செய்ததும் மெயில் நின்றுபோனது. காரணம் இது: சில நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்ச் சர்வர், உள்ளே இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வைக்கும் போன்களை மட்டுமே அனுமதிக்கும். 3ஜி மாடலில் அந்த வசதியே கிடையாது. ஆனால் அந்த வசதி இருப்பதாகப் பழைய மென்பொருள் சர்வரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. 3.1 உண்மையைச் சொன்னதும் சர்வர் கதவைச் சாத்திவிட்டது. 3ஜிஎஸ் மாடலில் வன்பொருளிலேயே குறியாக்கம் இருப்பதால் அதற்கு எந்தப் பிரச்சினையும் வரவில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே போன்தான். ஆகவே மாடலின் முழுப் பெயரைச் சொல்லி, ‘இதை அனுமதிப்பீர்களா’ என்று ஐடி துறையிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். போனை எக்ஸ்சேஞ்சில் இணைத்துவிட்டால், அது தொலைந்தாலோ நீங்கள் வேலையை விட்டாலோ, நிறுவனம் தூரத்திலிருந்தே அதை அழிக்க முடியும். அப்படி அழிக்கும்போது ஆபீஸ் மெயில் மட்டும் போகாது. குழந்தையின் போட்டோ, வீட்டில் இருப்பவர்களின் நம்பர் எல்லாமே சேர்ந்து போகும். காசு போட்டு வாங்கியது நீங்கள் என்பதால் இது மாறாது. இதில் சம்மதம் இல்லை என்றால் இரண்டு போன் வைத்துக்கொள்வதே நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்மதம் என்றால் வாரம் ஒருமுறையாவது சொந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுங்கள்.

அடுத்தது, தொடுதிரை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. நோக்கியா 5800, என்97, சாம்சங் ஆம்னியா, எச்டிசி டச் டைமண்ட் ஆகியவற்றில் இருப்பது அழுத்தத்தால் வேலை செய்யும் திரை. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே இன்னொரு அடுக்கு. அழுத்தும்போது இரண்டும் ஒட்டினால்தான் தொட்டதாகக் கணக்கு. நகமும், ஸ்டைலஸ் என்ற குச்சிப்பேனாவும் வேலை செய்யும், விரல் நுனியால் லேசாகத் தடவினால் சண்டித்தனம் பண்ணும். ஐபோன், ஜி1, ஹீரோ, ப்ரீ போன்றவற்றில் விரலின் மின்தன்மையை உணரும் திரை. லேசாகத் தொட்டாலே போதும், ஆனால் கையுறையோடு தொட்டால் அசையாது. முதல் வகை மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையெழுத்து வாங்கவும், விண்டோஸ் மொபைலின் பொடிப்பொடிக் கட்டங்களைத் தொடவும் ஸ்டைலஸ்தான் தோது. கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் நீளமான தொடர்புப் பட்டியலை மேலும் கீழும் உருட்டுங்கள். கை வலிக்காமல் உருண்டால் சரி.

அப்புறம் டைப்பிங். பெயரை மட்டும் டைப் செய்து பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஐந்து வரி மெயில் ஒன்றை, எண்களும் நிறுத்தக்குறிகளும் கலந்து, முழுசாக அடித்துப் பாருங்கள். பிளாக்பெர்ரி ஸ்டார்மில் திரை முழுவதுமே ஒரு பெரிய பொத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் திரையை அமுக்கி விட வேண்டும். மெதுவாக அடிக்கிறவர்களுக்குப் பிடித்துப்போகலாம். பழைய பிளாக்பெர்ரியில் இரண்டு கட்டைவிரலாலும் பறந்து பறந்து அடித்தவர்களுக்கு அது வேகத்தடை. போதாக்குறைக்கு முதல் ஸ்டார்மில் வைஃபை இல்லை, ஸ்டார்ம் 2-இல்தான் வந்தது. நாளெல்லாம் பதில் எழுதுவதே பிழைப்பு என்றால், திரைக்குக் கீழிருந்து கீபோர்டு வெளியே வரும் என்97, டிராய்டு, ப்ரீ இவற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

‘அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்’ என்ற பேச்சை நம்பி வாங்குவதும் வேண்டாம். ஐபோனுக்கு காப்பி–பேஸ்ட் வரவே 2009 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 3.0 அப்டேட்டில் படம் அனுப்பும் எம்எம்எஸ்ஸும் வந்தது, ஆனால் 2007-இல் முதல் ஐபோன் வாங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கையில் என்ன செய்கிறதோ அதற்குத்தான் காசு. மெமரி விஷயத்திலும் அப்படியே. 2009 ஆண்ட்ராய்டில் எத்தனை ஜிபி கார்டு போட்டாலும் அப்ளிகேஷன்கள் உள் நினைவகத்தில்தான் உட்காரும். ஜி1-இல் அது மொத்தமே 256 எம்பி, அதிலும் பெரும்பகுதி சிஸ்டத்துக்கே போய்விடும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, வந்த மெயிலை உடனே தள்ளிவிடும் புஷ் மெயிலும் 3ஜியும் சேர்ந்து ஓடினால் 2009-இன் எந்தத் தொடுதிரை போனும் மாலைக்குள் தள்ளாடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெளியில் சுற்றும் வேலை என்றால், பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற போன்தான் என் தேர்வு. ஐபோனில் அது முடியாது. மெயிலை நேரம் வைத்து இழுக்கும்படி மாற்றி, தேவையில்லாதபோது 3ஜியை அணைத்துச் சமாளிக்க வேண்டும்.

சொந்த, ஆபீஸ் காலண்டர்களை ஒரே பார்வையில் காட்டி, உள்ளுக்குள் தனித்தனியாகவே வைத்திருக்கும் வேலையை பாம் ப்ரீ அழகாகச் செய்கிறது. இரண்டு வாழ்க்கையையும் ஒரே போனில் வைப்பதைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் அது ஸ்பிரின்ட் நிறுவனத்தின், சிம் கேட்காத சிடிஎம்ஏ நெட்வொர்க்கில் வந்த போன். அந்தப் பதிப்பில் சிம் போட இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், ப்ரீ ஆனாலும் வேறு எதுவானாலும், உங்கள் நெட்வொர்க்கில் ஓடுமா, 3ஜி அலைவரிசை பொருந்துமா, ஒரே நிறுவனத்தின் சேவையில் மட்டும் ஓடும்படி பூட்டு போட்ட போனா என்று மூன்றையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.